சொந்த வாசிப்புக்கு உரிமைக் கோரல் வந்தால் என்ன செய்வது?

நீங்களே பியானோவில் வாசித்துப் பதிவேற்றிய பேத்தோவன் இசைக்கு ஓர் ஒலிப்பதிவு நிறுவனம் யூடியூபில் உரிமை கோரியிருப்பதாகவும், விளம்பர வருவாய் அதற்கே செல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். 1827இல் மறைந்தவரின் இசையமைப்பு இன்று பொதுச்சொத்து. பிற்காலத்தவர் மாற்றியமைத்த இசைவடிவத்தை (arrangement) நீங்கள் பயன்படுத்தவில்லையெனில், அந்நிறுவனத்தின் பதிப்புரிமை அதன் ஒலிப்பதிவோடு நின்றுவிடுகிறது. கன்டென்ட் ஐடி என்னும் தானியங்கி ஒப்பீட்டு முறை ஒரே இசையின் இரு வாசிப்புகளைக் குழப்பிக்கொள்வது உண்டு. இந்தக் கோரல், சேனலையே முடக்கும் வரை செல்லக்கூடிய பதிப்புரிமை எச்சரிக்கை (copyright strike) அன்று. ஆகவே உங்கள் சேனலுக்கு இப்போது ஆபத்தில்லை.

ஆனால் தாமதிக்காதீர்கள். கோரல் வந்த 5 நாட்களுக்குள் மறுப்பைப் பதிவுசெய்தால், முதல் நாளிலிருந்தே வருவாய் தனியே நிறுத்திவைக்கப்பட்டு, முடிவுக்குப் பின் உரியவருக்கு வழங்கப்படும். பதிலளிக்க நிறுவனத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. கோரியவரிடமே முதல் தீர்ப்பையும் விடும் இந்த ஏற்பாடு நியாயமற்றது என்றே கருதுகிறேன். அவர்கள் மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். அப்போது அவர்கள் நீக்கக் கோரிக்கை அனுப்பினால் எச்சரிக்கை விழக்கூடும் என்பதால், வாசிப்பு உங்களுடையது என்பதற்கான மூலப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள்.