முதுகில் பாய்ந்த குண்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1950-களின் லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸாரைப் பற்றி 1997-இல் வெளிவந்த 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' படத்தை அண்மையில்தான் பார்த்தேன். சட்டத்தை மதிக்காத துப்பறிவாளர் பட் வைட்டைத்தான் மனம் விரும்புகிறது. விதிப்படி நடக்கும் எக்ஸ்லியைக் கண்டால் எரிச்சல் வருகிறது. இது இயக்குநரின் நோக்கமா, என் குறையா? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் குறை அன்று. இயக்குநர் கர்டிஸ் ஹான்சன் தராசை வேண்டுமென்றே சாய்த்து வைத்திருக்கிறார். மனைவியை அடிக்கும் ஒருவனை வீட்டுக்கு வெளியே வரவழைத்து உதைப்பவராகத்தான் பட் வைட் (ரஸ்ஸல் க்ரோ) நமக்கு அறிமுகமாகிறார். எட் எக்ஸ்லியோ (கை பியர்ஸ்) சக காவலர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல முன்வந்து, அதற்கு ஈடாகப் பதவி உயர்வையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். முன்னவர் செய்வது தவறு என்று தெரிந்தும் கை தட்டுகிறோம். பின்னவர் செய்வது சரி என்று தெரிந்தும் நமக்குக் கசக்கிறது. பிறகு, ஒரு பெண்ணை அடைத்து வைத்திருக்கும் வீட்டுக்குள் தனியே நுழையும் பட் வைட், ஆயுதமில்லாத ஆளைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பிணத்தின் கையில் துப்பாக்கியைத் திணிக்கும்போதுகூட நாம் முகம் சுளிப்பதில்லை.

ஆனால் அந்த முரட்டுக் கையை யார் ஏவுகிறார் என்பதைக் கவனியுங்கள். கேப்டன் டட்லி ஸ்மித் (ஜேம்ஸ் குரோம்வெல்), வெளியூர் ரௌடிகளை நகரத்துக்குள் அண்டவிடாமல் துரத்துகிறோம் என்று சொல்லி, ஆள் நடமாட்டமில்லாத விக்டரி மோட்டலில் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, பட் வைட்டைக்கொண்டு அடிக்கச் செய்கிறார். தாதா மிக்கி கோஹன் சிறைக்குப் போனதால் காலியான இடத்தைத் தானே பிடிப்பதுதான் டட்லியின் திட்டம். (கோஹன் கற்பனைப் பாத்திரம் அல்லன், வரி ஏய்ப்பு வழக்கில் 1951-இல் உண்மையாகவே தண்டனை பெற்றவன்.) நகரத்துக்குக் காவல் நிற்பதாக நம்பி பட் வைட் விதியை மீறிய ஒவ்வொரு முறையும், ஊழல் அதிகாரிக்குப் போட்டியாளர் ஒருவர் குறைந்திருக்கிறார். இந்தப் படம் மற்றப் போலீஸ் படங்களிலிருந்து விலகி நிற்கும் இடம் இதுவே என்பது என் எண்ணம்.

கேள்வி: கிறிஸ்துமஸ் இரவில் காவலில் இருக்கும் கைதிகளைப் போலீஸார் கூட்டமாகச் சேர்ந்து அடிக்கும் காட்சி கற்பனையா? (வாசகி, திருச்சி)

பதில்: இல்லை. 1951 டிசம்பர் 25 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலீஸில் நடந்ததுதான் அது. 'ரத்தக் கிறிஸ்துமஸ்' என்றே அதற்குப் பெயர். முந்திய இரவு ஒரு மதுக்கடையில் தொடங்கிய தகராறில் காவலர் ஒருவருக்குக் கண் பறிபோய்விட்டது என்று பரவிய வதந்தியை நம்பி, விருந்தில் குடித்துக்கொண்டிருந்த போலீஸார், ஐந்து மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும் இரண்டு வெள்ளையர்களுமாக ஏழு பேரைக் கடுமையாகத் தாக்கினார்கள். முந்திய ஆண்டில்தான் வில்லியம் பார்க்கர் சீர்திருத்தவாதி என்ற பெயருடன் அந்நகரப் போலீஸுக்குத் தலைவராகியிருந்தார். எட்டுக் காவலர்கள்மீது வழக்குப் பதிவாகி ஐவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. துறைக்குள் 54 பேர் இடமாற்றமும் 39 பேர் தற்காலிகப் பணிநீக்கமும் பெற்றனர்.

கேள்வி: உணவகக் கொலை வழக்கில் பிடிபடும் மூன்று கறுப்பின இளைஞர்கள் குற்றவாளிகளா, இல்லையா? எனக்குக் குழப்பமாகவே இருந்தது. (வாசகர், ஈரோடு)

பதில்: நைட் ஔல் உணவகத்தில் ஆறு பேரைக் கொன்றவர்கள் அவர்கள் அல்லர். ஆனால் அன்றிரவு ஒரு மெக்சிகோ வம்சாவளிப் பெண்ணைச் சிறைவைத்துச் சீரழித்தவர்கள் அவர்களே. அந்தப் பெண், அவர்கள் தன்னைவிட்டுப் போன நேரத்தை மாற்றிப் பொய் சொல்லிவிடுகிறாள். தனக்கு நேர்ந்த கொடுமைக்காக இந்த நகரத்தில் எவரும் அசையமாட்டார்கள், வெள்ளையரைக் கொன்ற பழி சேர்ந்தால்தான் அசைவார்கள் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். படத்தின் ஆகக் கூரிய குற்றச்சாட்டு ஓசையில்லாமல் வைக்கப்பட்டிருப்பது இந்தப் பொய்யில்தான். எக்ஸ்லி அடிக்காமலேயே, தனித்தனி விசாரணை அறைகளில் இருக்கும் அவர்களுக்கிடையே ஒலிபெருக்கியைத் திறந்தும் மூடியும், ஒருவன் பேச்சை மற்றவன் காதில் விழச் செய்து அவர்களைப் பேசவைக்கிறார். அவ்வளவு நேர்த்தியான விசாரணையும் தவறான முடிவுக்கே போகிறது. ஏனெனில் அவர்களது காரில் கிடைத்த துப்பாக்கிகளை வைத்ததே போலீஸார்தான்.

கேள்வி: கடைசியில் எக்ஸ்லி டட்லியைப் பின்னாலிருந்து சுடுவது நியாயமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்லலாம். குற்றவாளி என்று உறுதியாகத் தெரிந்தவன்மீது பொய்ச் சாட்சியம் வைப்பாயா, அடித்து வாக்குமூலம் வாங்குவாயா, வக்கீலின் வாதத்தில் தப்பிவிடுவான் என்று தோன்றினால் முதுகில் சுடுவாயா என்று டட்லி தொடக்கத்தில் கேட்க, எக்ஸ்லி எல்லாவற்றுக்கும் மறுப்பே சொல்கிறார். அப்படியென்றால் துப்பறியும் வேலை உனக்கு வேண்டாம் என்பது டட்லியின் அறிவுரை. இறுதியில் எக்ஸ்லி சுடுவது அந்தக் கேள்வியைக் கேட்டவரின் முதுகில். டட்லி நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் தப்பித்திருப்பார் என்பதை நாமும் உணர்கிறோம்; ஆகவே திரையரங்கில் நிம்மதிப் பெருமூச்சு எழுகிறது. எனக்கு அந்த நிம்மதி அடுத்த காட்சியோடு தீர்ந்துவிட்டது. துறையின் மானத்தைக் காப்பதற்காக டட்லியைக் கடமையில் உயிர்நீத்த வீரராக அறிவிக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்கு வழி சொல்பவரும் எக்ஸ்லிதான், அதற்கு ஈடாகப் பதக்கம் குத்திக்கொள்பவரும் அவரே. நியாயமா என்று கேட்டீர்கள். அந்தக் குண்டைக்கூட என்னால் மன்னிக்க முடிகிறது, பதக்கத்தை முடியவில்லை.

கேள்வி: ஆஸ்கர் கிடைத்ததா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: ஒன்பது பரிந்துரைகள், இரண்டு விருதுகள். கிம் பேசிங்கருக்குத் துணை நடிகை விருதும், ஹான்சனுக்கும் பிரையன் ஹெல்ஜலண்டுக்கும் தழுவல் திரைக்கதை விருதும் கிடைத்தன. சிறந்த படத்துக்கான விருதை 'டைட்டானிக்' கொண்டுபோனது.

கேள்வி: மூல நாவலும் இப்படித்தான் முடிகிறதா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இல்லை. ஜேம்ஸ் எல்ராய் 1990-இல் எழுதிய நாவல் பல ஆண்டுகளில் நடக்கிறது. திரைக்கதை அதைச் சுருக்கி, கிளைக்கதைகள் பலவற்றை வெட்டியிருக்கிறது. தன் தந்தையைக் கொன்று தப்பிய முகமறியாதவனுக்கு எக்ஸ்லி வைத்த, பின்னர் டட்லியைக் காட்டிக்கொடுக்கும் 'ரோலோ டொமாசி' என்ற பெயரும் படத்துக்காகவே உருவாக்கப்பட்டது. நாவலில் டட்லியை யாரும் சுடுவதில்லை. 1992-இல் வந்த அடுத்த நாவலிலும் அவர் அதே துறையில் அதிகாரியாகவே தொடர்கிறார்.