சுத்தமாக மறந்தவர்கள்

கேள்வி: பிரிந்துபோன காதலர்கள் பல வருஷம் கழித்து வெளிநாட்டில் சந்தித்து மறுபடி சேருகிற சுத்தமான காதல் கதைகளை உங்கள் இதழில் ஏன் போடுவதில்லை? வீட்டில் எல்லோரும் படிக்கும்படி ஒன்றாவது போடக்கூடாதா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போடக்கூடாது என்று ஒன்றும் இல்லை அம்மா. அந்த மாதிரிக் கதைகள் வாராவாரம் வருகின்றன. திருப்பி அனுப்புவதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் கேள்வியில் இருக்கிற 'சுத்தமான' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். எனக்கும் அதற்கும் பழைய தகராறு ஒன்று பாக்கி இருக்கிறது.

இந்தச் சொல்லை நாம் எங்கெல்லாம் வைக்கிறோம் என்று பாருங்கள். நெய்க்கு முன்னால் வைத்தால் கலப்படம் இல்லை என்று அர்த்தம். மடையனுக்கு முன்னால் வைத்தாலும் அதே அர்த்தம்தான். சுத்த மடையன் என்றால் துளி அறிவும் கலக்காதவன். பாடுகிறவருக்கு சுருதி சுத்தம், கல்லாவில் உட்காருகிறவருக்குக் கைசுத்தம், ஓட்டல் போர்டில் சுத்த சைவம். 'கையில் பணம் சுத்தமாக இல்லை' என்றால் நோட்டு அழுக்காக இருக்கிறது என்றா புரிந்துகொள்கிறோம்? ஒரு பைசா இல்லை என்றுதான். அப்புறம், 'அவனைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.' நீங்கள் கேட்கிற வகைக் கதையில் கதாநாயகி தோழியிடம் ஒரு தடவையாவது சொல்லியே தீருகிற வசனம் இது. மறந்திருந்தால் கதையே இல்லை.

தகராறைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வார இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். சிங்கப்பூரில் நடக்கிற கதை ஒன்று வந்தது. ஊரில் காதலித்துப் பிரிந்த இருவர். அவன் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான், அவள் நர்ஸ். ஒன்பது வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் ரோட்டில் ஊருக்குப் பணம் அனுப்புகிற கடை வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். அவன் சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்து கிடக்கிறது. வரிசை நகர நகர அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கவுண்டருக்கு இன்னும் இரண்டே பேர் என்கிறபோது கையை நீட்டி அதை எடுத்துவிடுகிறாள். அவன் திரும்பிப் பார்க்காமலே, "இன்னும் இந்தப் பழக்கம் போகலையா?" என்று கேட்கிறான். அவ்வளவுதான் கதை. படித்துவிட்டு அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் ஆசிரியர் சிவப்பு மையை எடுத்துக் காலரை அடித்தார். "குடும்பப் பத்திரிகை. சுத்தமா இருக்கணும்." அடித்த இடத்தில் மூன்று புள்ளி வைத்தார். அச்சில் எப்படி வந்தது தெரியுமா? அவள் அவனுக்குப் பின்னால் நெருங்கி நிற்கிறாள். மூன்று புள்ளி. "இன்னும் இந்தப் பழக்கம் போகலையா?" என்கிறான். எந்தப் பழக்கம்? தமிழ்நாடு முழுக்க வாசகர்கள் அவரவர் சக்திக்கு ஏற்ப யோசித்தார்கள். அந்த வாரத்துக் கடிதங்களைப் பிரித்தவன் நான். பொதுக் கடைத்தெருவில், பட்டப்பகலில், பணம் அனுப்புகிற வரிசையில் இப்படியா என்று ஒருவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். மடிந்த காலருக்கு நாலு பக்கம்! கதையை எழுதியவர் அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு வரிகூட அனுப்பவில்லை. அன்றிலிருந்து கதையில் மூன்று புள்ளியைக் கண்டாலே எனக்கு ஆகாது.

சரி, காதல் கதைக்கு எந்தச் சுத்தம் வேண்டும்? என்னைக் கேட்டால், கைசுத்தம். இரண்டு பேருடைய வாழ்க்கையில் பத்து வருஷம் காணாமல் போயிருக்கிறது. அதை எடுத்தது யார்? வருகிற கதைகளில் இதற்குப் பதிலே இருக்காது. 'சூழ்நிலை பிரித்துவிட்டது' என்பார்கள். அல்லது மாமா ஒளித்துவைத்த கடிதம் டிரங்குப் பெட்டியிலிருந்து கிளம்பும். அவன் மேலும் தப்பில்லை, அவள் மேலும் தப்பில்லை, மாமாவும் செத்துப்போயிருப்பார். பிறகு ஒரு விமான நிலையம், ஒரு பனிக்காலம், அவள் அன்று பார்த்த மாதிரியே இருப்பாள். நான் திருப்பி அனுப்புவது இதைத்தான்.

இந்த வகையில் கணக்கு ஒழுங்காகத் தீர்த்த நாவல் ஒன்றைச் சொல்கிறேன்: ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பெர்சுவேஷன்'. அவர் இறந்த பிறகு, 1817 டிசம்பரில் வெளிவந்தது. உங்கள் வீட்டில் எல்லோரும் படிக்கலாம். கதாநாயகி ஆன் எலியட்டுக்கு 19 வயதில் வென்ட்வொர்த் என்ற கடற்படைக்காரனோடு கல்யாணம் நிச்சயமாகிறது. அவனிடம் காசு இல்லை. தாயில்லாத அவளுக்குத் தாய் மாதிரி இருக்கிற லேடி ரஸல் வேண்டாம் என்கிறார். அவள் கேட்டுக்கொண்டு பின்வாங்குகிறாள். திரும்பச் சந்திக்கும்போது அவளுக்கு 27. போர்க்காலம், எதிரிக் கப்பலைப் பிடித்தால் பங்குப்பணம் உண்டு. அப்படி அவன் கையில் 25,000 பவுண்டு சேர்ந்திருக்கிறது. அவளைப் பார்த்தவன் சொல்வது, அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிட்டாள் என்று. அது அவள் காதுக்கும் வந்து சேருகிறது.

ஒரு காட்சியைப் பாருங்கள். உடம்பு சரியில்லாத பையனுக்குப் பக்கத்தில் அவள் மண்டியிட்டிருக்கிறாள். அவனுடைய தம்பி, இரண்டு வயது வாண்டு, அவள் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. திடீரென்று பாரம் குறைகிறது. யாரோ அந்தப் பிஞ்சுக் கைகளைப் பிரித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டுவிட்டார்கள். வென்ட்வொர்த். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. எங்கள் பழைய ஆசிரியராக இருந்தால் இதையும் அடித்திருப்பார்.

கணக்குக்கு வருகிறேன். கடைசியில் இருவரும் சேர்ந்த பிறகு அவன் ஒன்று கேட்கிறான். பிரிந்த இரண்டாம் வருஷமே, 1808இல், கையில் கொஞ்சம் பணத்தோடும் புதுக் கப்பலோடும் இருந்தேன். அப்போது எழுதியிருந்தால் பதில் போட்டிருப்பாயா? போட்டிருப்பேன் என்று அவள் சொல்லிவிடுகிறாள். அப்படியானால் ஆறு வருஷத்தைத் தின்றது லேடி ரஸல் இல்லை, தன் வீம்புதான் என்று அவன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் நான் அந்த நாவலைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். நம்மவர்கள் விட்டுவிடுகிற பக்கமும் இதுதான்.

அதன் முடிவை ஆஸ்டின் முதலில் வேறு மாதிரி எழுதினார். ஒரு அட்மிரல் தப்பாகப் புரிந்துகொண்டு வென்ட்வொர்த்தை அவளிடம் தூது அனுப்ப, அதில் விஷயம் வெளிப்பட்டு இருவரும் சேருகிறார்கள். 1816 ஜூலையில் எழுதி முடித்தவருக்கு அது சப்பென்று இருப்பதாகப் பட்டது என்று அவருடைய அண்ணன் மகன் எழுதிவைத்திருக்கிறார். மூன்று வாரத்துக்குள் மாற்றினார். புது முடிவில் தூதும் இல்லை, தற்செயலும் இல்லை. பிரிந்த பிறகும் அதிக காலம் நேசிப்பது ஆணா பெண்ணா என்று அவள் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அதே அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டபடி அவன் அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். மறந்துபோன கையுறையை எடுக்க வந்தவன் போலத் திரும்பி வந்து அதை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போகிறான். ஆஸ்டினின் ஆறு பெரிய நாவல்களில் இன்று கையெழுத்துப் பிரதியாக மிஞ்சியிருப்பது வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தப் பழைய அத்தியாயங்கள் மட்டும்தான். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. காதல் கதை எழுதுகிறவர்கள் அந்தக் காகிதத்தைத் தொட்டுக் கும்பிடலாம்.

வெளிநாடு என்றும் கேட்டிருந்தீர்கள். 'முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை' என்று தொல்காப்பியத்தில் ஒரு சூத்திரம். கடல் கடந்து போகிறவன் பெண்ணைக் கூட்டிப்போவதில்லை என்று பொருள் சொல்வார்கள். வென்ட்வொர்த்துக்குத் தொல்காப்பியம் தெரியாது. ஆனாலும் கப்பலில் பெண்களை ஏற்றக்கூடாது என்று அவனும் அதையே சொல்கிறான். அவனை அந்த இடத்திலேயே மடக்குவது அவன் அக்கா, அட்மிரல் கிராஃப்டின் மனைவி. புருஷனோடு நாலு தடவை அட்லாண்டிக் கடந்தவள், கிழக்கிந்தியப் பக்கமும் போய்த் திரும்பியவள். உடம்பாலும் மனத்தாலும் நான் நிஜமாகக் கஷ்டப்பட்டது ஒரே ஒரு குளிர்காலத்தில்தான் என்கிறாள். புருஷன் வடகடலில் இருக்க, டீல் என்ற இங்கிலாந்துக் கடற்கரை ஊரில் தனியாக உட்கார்ந்திருந்த குளிர்காலம். அந்தச் சூத்திரத்தைத் தாண்டிவந்த நம் பெண்கள் இன்று தாங்களே விசா வாங்கி, தாங்களே சம்பாதித்து, சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி வருகிற கதையில் அவள் இன்னும் ஜன்னலோரம் அவனுக்காகக் காத்திருக்கிறாள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்கு ஜன்னலோரம் நிற்க ஏதம்மா நேரம்?

உங்களிடம் கதை இருந்தால் அனுப்புங்கள். ஏன் பிரிந்தார்கள் என்பதை முதல் இரண்டு பக்கத்துக்குள் சொல்லிவிடுங்கள். காலரை நான் அடிக்க மாட்டேன்.