ரோசெட்டி அம்மையாரின் மெட்டு எது?

கேள்வி: கிறிஸ்டினா ரோசெட்டி எழுதிய ‘இன் த ப்ளீக் மிட்விண்டர்’ (‘கடும் நடுக்குளிரில்’) பாட்டை எங்கள் சபை இளைஞர் ஒரு மெட்டிலும், பாடகர் குழுவினர் வேறொரு மெட்டிலும் பாடுகிறார்கள். அம்மையார் அமைத்த அசல் மெட்டு எது என்று இரு தரப்பும் வாதாடுகின்றன. இதற்கிடையே மூப்பர் ஒருவர், “டிசம்பரில் டர்பனில் வியர்த்து வழிகிறது, பெத்லெகேமிலும் பனி இல்லை, பனியைப் பாடும் முதல் பாவை நீக்கிவிடலாம்” என்கிறார். தங்கள் தீர்ப்பு என்ன?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: இரண்டுமே அம்மையாருடையவை அல்ல. அவர் மெட்டு எதுவும் அமைக்கவில்லை. சபையார் பாடுவதற்கென்றும் இதை எழுதவில்லை. 1872 ஜனவரியில் ‘ஸ்கிரிப்னர்ஸ் மன்த்லி’ என்ற அமெரிக்க மாத இதழில் ‘ஒரு கிறிஸ்துமஸ் கீதம்’ என்ற பொருள்படும் தலைப்போடு வெளிவந்த கவிதை இது. அவர் 1894 டிசம்பரில் காலமானார். உங்கள் இளைஞர் பாடுவது குஸ்டாவ் ஹோல்ஸ்டின் ‘கிரான்ஹம்’ மெட்டாக இருக்க வேண்டும். அது 1906-இல், வாகன் வில்லியம்ஸ் இசைப் பதிப்பாசிரியராக இருந்த ‘இங்கிலிஷ் ஹிம்னல்’ நூலில் வந்தது. பாடகர் குழு பாடுவது ஹரால்ட் டார்க் 1909-இல் அமைத்ததாக இருக்கும். கவிஞர் கேட்டேயிராத இரண்டு மெட்டுகளுள் எது அவருடையது என்று வழக்காடுவானேன்?

இந்தக் குழப்பம் நம்மவருக்கு வருவதற்குக் காரணம் உண்டு. வேதநாயக சாஸ்திரியார் போன்றோரின் கீர்த்தனைகளில் பாட்டும் இராகமும் தாளமும் சேர்ந்தே பிறந்தவை என்று எண்ணிப் பழகிய நாம், மேல்நாட்டுப் பாமாலையில் சொல்லுக்கு ஒருவரும் மெட்டுக்கு ஒருவரும் இருப்பதையும், மெட்டுக்கென்றே தனிப்பெயர் வழங்குவதையும் மறந்துவிடுகிறோம். கிரான்ஹம் என்பது ஹோல்ஸ்ட் பிறந்த செல்ட்டனம் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர். பாட்டின் பொருளோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

மெட்டமைப்போருக்கு இந்தக் கவிதை எளிதில் வசப்படுவதும் அன்று. ஆங்கில யாப்பு எண்ணும் அசைகளை நம் நேர், நிரை அசைகளோடு குழப்பிக்கொள்ளாமல் கேளுங்கள்: முதற்பாவின் முதலடியில் ஆறு அசைகள், இரண்டாம் பாவின் முதலடியிலோ எட்டு. அடிகள் இப்படி நீண்டும் குறுகியும் வருவதால், ஒரே மெட்டை ஐந்து பாக்களுக்கும் பாடுகிற சபையார் ஓரிடத்தில் சொற்களை நெருக்கியும் ஓரிடத்தில் ஒரே சொல்லை இழுத்தும்தான் பாட வேண்டியிருக்கிறது. ஹோல்ஸ்டின் மெட்டு எளிமையானது. பயிற்சி இல்லாதவரும் இரண்டாம் பாவிலேயே அதைப் பிடித்துக்கொள்வர். டார்க்கின் அமைப்பில் தனிக்குரல்கள் வரும், ஆர்கன் தன் வழியே செல்லும். அது தேர்ந்த குழுவுக்கு உரியது. 2008-இல் பாடகர் குழுத் தலைவர்களும் வல்லுநர்களும் சிறந்த கிறிஸ்துமஸ் பாட்டாக அதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை. ஆயினும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். தேவதூதர் கூட்டம் சூழ்ந்திருக்க, தாய் மட்டும் ஒரு முத்தத்தால் தன் மகனை வணங்குகிறாள் என்று சொல்லும் நான்காம் பாவை டார்க் விட்டுவிட்டார். ஒரு பெண் மட்டுமே அப்படி எழுதியிருக்க முடியும் என்று நான் நினைக்கிற பா அதுதான். தாயை டார்க் நீக்கினார். பனியை உங்கள் மூப்பர் நீக்குகிறார். அம்மையாருக்கு மிஞ்சுவது என்ன?

மூப்பரின் வாதத்துக்கு வருகிறேன். பெத்லெகேம் மலைமேல் அமைந்த ஊர். சில குளிர்காலங்களில் அங்கே பனி விழத்தான் செய்கிறது. இயேசு எந்தப் பருவத்தில் பிறந்தார் என்று லூக்கா சொல்லவுமில்லை. ஆனால் அந்தக் கணக்கே இங்கு வேண்டாதது. முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் உரிப்பொருளாகிய உணர்வுக்காக அமைப்பதைத் திணை இலக்கணமாகவே வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. பாலைப் பாட்டைப் படிப்பவர் அந்த வழியில் வெயில் எத்தனை பாகை என்று கேட்பதில்லை. இரும்பாய் இறுகிய மண்ணும், கல்லாய் உறைந்த நீரும், பனிமேல் விழும் பனியும் இந்தக் கவிதையில் வந்தவருக்கு இடமளிக்காத உலகின் நிலை. கடைசிப் பாவில் “ஏழை நான் எதைக் கொடுப்பேன்” என்று கேட்டு இதயத்தைக் கொடுப்பவரின் இளக்கம் அந்த இறுக்கத்துக்கு எதிரே நிற்பதால்தான் நம் நெஞ்சைத் தொடுகிறது. மேலும், நடுக்குளிர் என்ற சொல் இரண்டாம் பாவிலும் திரும்ப வருகிறது. மூப்பர் அதையும் வெட்டுவாரா?

திருப்பாவையையும் எண்ணிப் பாருங்கள். தலையில் பனி விழ வாசலில் வந்து நிற்கிறோம் என்று பன்னிரண்டாம் பாசுரத்தில் ஆண்டாளின் ஆயர்குலப் பெண்கள் சொல்கிறார்கள். மார்கழி இந்த நாட்டில் கோடைக்காலம். லிச்சிப்பழம் விற்கும் மாதம். அதற்காக இங்கே திருப்பாவை ஓதுகிறவர் எவரும் பாசுரத்தைத் திருத்துவதில்லை. இன்று கச்சேரிகளில் நாட்டை இராகத்தில் ‘மார்கழித் திங்கள்’ கேட்கிறோமே, அந்த மெட்டும் ஆண்டாள் தந்தது அன்று. இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி இராமானுச ஐயங்கார் தந்தது.

ஆகவே, சபையார் அனைவரும் பாடும்போது ஹோல்ஸ்டின் மெட்டில் ஐந்து பாக்களையும் முழுமையாகப் பாடுங்கள். டார்க்கின் அமைப்பைப் பாடகர் குழு, ஆர்கன் வாசிப்பவர் ஒத்துழைத்தால், காணிக்கை எடுக்கும் நேரத்தில் தனியே பாடட்டும். நடுக்குளிர் காலத்தில்தான் இந்தப் பாட்டு பொருந்தும் என்று மூப்பர் இன்னும் வற்புறுத்தினால், நம் நாட்டு நடுக்குளிரான ஜூன் மாதத்தில் இன்னொரு முறை கூடுங்கள். டிராக்கன்ஸ்பெர்க் மலையில் அப்போது பனியும் கிடக்கும்.