தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கிருமியும் போக வேண்டும், பிள்ளைக்கும் ஆபத்து கூடாது. தரை, பொம்மை சுத்தம் செய்ய எதை வாங்கலாம்?

இதே கேள்வியோடு பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பேரங்காடியில் நானும் நின்றிருக்கிறேன். மகளுக்கு அப்போது பதினோரு மாதம். கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குத்தான் போகும். இலைப் படம் போட்டு ‘இயற்கை’ என்று எழுதிய பாட்டிலை 24 வெள்ளி கொடுத்து வாங்கி வந்தேன். அந்த மாதமே மூத்தவன் பாலர் பள்ளியிலிருந்து கை, கால், வாய்ப்புண் நோயோடு வந்தான். நாலு நாளில் சின்னவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. அதனால் கைக்குத் தடவும் ஆல்கஹால் ஜெல் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் அதைக் கொல்லாவிட்டாலும் கழுவி இறக்கிவிடும். சாதாரண நாளில் தரைக்கும் பொம்மைக்கும் மணமில்லாத பாத்திர சோப்பே போதும் என்பது என் கட்சி. மாமியாருக்கோ மணக்காத தரை துடைக்காத தரைதான்!

வீட்டில் யாருக்காவது நோய் வந்தால் மட்டும் குளோராக்ஸை, அதாவது குளோரின் ப்ளீச்சை, எடுப்பேன். முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்; அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு 1 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 10 மில்லி. வாந்தி, பேம்பர்ஸ் மாற்றிய இடம் என்றால் 20 மில்லி. வெந்நீர் வேண்டாம், வீரியம் போய்விடும். 15 முதல் 30 நிமிடம் ஊறவிட்டு, பொம்மைகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும். மிச்சத்தை அன்றே கொட்டிவிடுங்கள். மறுநாளுக்கு அதில் பலம் இருக்காது. காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரம் மலத்தில் வைரஸ் வரும் என்பதால் பேம்பர்ஸ் மாற்றும் இடத்தை மட்டும் நான் விடவில்லை.

ஒருமுறை அவசரத்தில், கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் மேலேயே குளோராக்ஸையும் ஊற்றிவிட்டேன். குளோரின் வாயு கிளம்பி, சாயங்காலம் வரை இருமல். இரண்டையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

வினிகரும் சோடா மாவும் நுரைக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். வினிகரைத் தனியாகக் கெட்டில் கறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் தரை துடைக்கும் ரோஸ் நிற மருந்தை மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி சிங்க்குக்கு அடியில் வைத்திருந்தோம். மூத்தவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, “அம்மா, சிராப் பண்டோங்” என்றான்; ரோஸ் சிராப்பும் பாலும் கலந்த பானம் என்று நினைத்துவிட்டான். மூடி இறுக்கமாக இருந்தது, தப்பித்தோம். இப்போது எல்லாம் வாங்கிய பாட்டிலிலேயே, பூட்டு போட்ட மேல் அலமாரியில்.