ஆன்டிகுவாவில் ஒரு கிரிக்கெட் மட்டை

அன்புள்ள ஐயா,

கப்பலில் வேலை பார்க்கும் என் மகன் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஆன்டிகுவாவின் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அடிமை வரலாறு சொல்லும் இடத்திலேயே கிரிக்கெட் வீரர் விவ் ரிச்சர்ட்ஸின் மட்டையையும் வைத்திருக்கிறார்களாம். ஒரு நாட்டின் அருங்காட்சியகத்துக்கு இது விளையாட்டுத்தனமாக இல்லையா? காட்ட வேறொன்றும் கிடைக்கவில்லையோ?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

கிடைக்காமல் என்ன. கட்டடமே பார்க்க வேண்டியதுதான்: 1750-இல் கட்டிய நீதிமன்றம், 1974 நிலநடுக்கத்தில் சேதமாகி, 1985-இல் அருங்காட்சியகமானது.

சிக்கல் வேறு. கரும்புத் தோட்ட முதலாளிகள் கணக்கேடுகளை விட்டுப்போனார்கள். கரும்பு வெட்டியவர்கள் அந்த ஏடுகளில் மாடுகளோடு சேர்த்து விலை போட்டு எழுதப்பட்ட பெயர்கள். 1736-இல் கிளர்ச்சிக்குத் திட்டமிட்ட பிரின்ஸ் கிளாஸ் என்ற அடிமை இன்று அங்கே தேசிய வீரர். அவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை நொறுக்கிக் கொன்றார்கள். மொத்தம் 88 பேருக்கு மரண தண்டனை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, தண்டித்தவர்களே எழுதிவைத்த அறிக்கை.

அப்படிப்பட்டவர்களுக்குத் தங்களுடையது என்று சொல்ல எது மிஞ்சும்? அங்கே வாரி என்றொரு ஆட்டம் உண்டு. 12 குழி, 48 காய். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களோடு வந்தது. கப்பலில் வெறுங்கையோடு ஏற்றப்பட்டவனுக்கும் ஆட்டம் நினைவிருக்கும். மண்ணில் குழி பறித்தால் போதும். நம் பல்லாங்குழிக்கு உறவுமுறை. காய் என்ன தெரியுமா? கடலோர முட்புதரில் விளையும் சாம்பல்நிறக் கொட்டை. சாட்சாத் நம் கழற்சிக்காய்! இது தெரியவந்த அன்று வீட்டில் ஒவ்வொருவரையும் பிடித்துவைத்துச் சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மட்டைக்கு வருகிறேன். பிரிட்டனிடமிருந்து 1981 நவம்பரில் விடுதலை. ஐந்து வருடம்கூட ஆகவில்லை, 1986 ஏப்ரலில் இந்த அருங்காட்சியகம் இருக்கும் அதே செயின்ட் ஜான்ஸ் ஊரில், இங்கிலாந்துக்கு எதிராக, உள்ளூர்ப் பையன் ரிச்சர்ட்ஸ் 56 பந்தில் சதம் அடிக்கிறான். 2016-இல் நியூசிலாந்தின் மெக்கல்லம் 54 பந்தில் அடிக்கும்வரை டெஸ்டில் அதைவிட வேகமான சதம் கிடையாது. யாருடைய கணக்கேட்டிலும் இல்லாமல், ஊரே நேரில் பார்த்து எழுதிக்கொண்ட வரலாறு அது. அந்த மட்டையை வேறெங்கே வைப்பார்கள்?

மகன் மறுபடி அந்தப் பக்கம் போனால் ஒரு பிடி வாரிக் காய் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பல்லாங்குழியில் போட்டுப் பார்க்க வேண்டும்.