குளித்த நீருக்கு மாடியில் ஒரு பாத்தி

கேள்வி: நான்கு பேர் உள்ள வீடு. குளியலறை, வாஷிங் மெஷின் தண்ணீரை மொட்டைமாடியில் செடிப் பாத்தி கட்டித் தெளிய வைக்கலாம் என்று இருக்கிறோம். ஓரடி உயரத்துக்கு ஜல்லி கொட்டலாம் என்கிறார் கொத்தனார். சரிதானா?
– செங்கோட்டை வாசகி

பதில்: கொட்டவே வேண்டாம். ஓரடி ஜல்லியும் இடுக்குகளில் நிற்கும் தண்ணீரும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 550 கிலோவைத் தாண்டும். ஆள் நடமாடும் மாடிக்குக் கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 வைக்கும் கணக்கு 150 கிலோதான். கட்டி முடித்த வீடென்றால் முதலில் பொறியாளரிடம் காட்டுங்கள்; செடி பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஜல்லிக்குப் பதில் லெக்கா எனப்படும் சுட்ட களிமண் உருண்டைகளை 15 செ.மீ. போட்டு, தண்ணீரை 12 செ.மீ. மட்டத்தில் நிறுத்தினால் எடை சதுர மீட்டருக்கு 130 கிலோ அளவில் அடங்கும். அந்த ஆழத்தில் 4 சதுர மீட்டர் பாத்தி சுமார் 190 லிட்டர் பிடிக்கும். தினம் 100 லிட்டர் விட்டால் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு நாள் வேர்களுக்கு நடுவே தங்கும். உங்கள் வீட்டுக்குத் தினம் 200 லிட்டர் என்று வைத்தால், நான்கு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் இரண்டு பாத்திகள் போதும். சுவரோ பீமோ அடியில் வரும் இடமாகப் பார்த்து அமையுங்கள்.

தளத்தின் மேல் ஜியோ துணி எனப்படும் தடித்த செயற்கைத் துணி, அதன்மேல் நீர் கசியாத 500 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு, பிறகு லெக்கா. காய்ந்த லெக்கா மிதக்கும் என்பதால் மேலே தென்னைநார் விரிப்பை இழுத்துக் கட்டுங்கள். வெளியேறும் குழாயில் திருப்பக்கூடிய எல்போ (வளைவு இணைப்பு) வைத்தால் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கலாம். தண்ணீர் மேலே தெரியாதவரை கொசு முட்டையிட இடமில்லை. மட்டத்துக்குச் சற்று மேலே 63 மி.மீ. வழிவுக்குழாய் ஒன்றும் வேண்டும். ஐப்பசி மழை ஒரே இரவில் பாத்தியை நிரப்பிவிடும்.

முதல் இரண்டு வாரம் நல்ல தண்ணீர் மட்டும். பிறகு பாதிக்குப் பாதி கலந்து விட்டு, வேர் பரவியதும் முழுதாகக் குளியல் நீருக்கு மாற்றுங்கள். கழிப்பறை நீர் இதில் சேரவே கூடாது. அது செப்டிக் டேங்குக்கே போகட்டும்.

கேள்வி: பாத்தி போட்டு ஆறு மாதம். இப்போது நாற்றம், தண்ணீர் மேலேயே தேங்குகிறது. சமையலறைத் தண்ணீரையும் சேர்த்துத்தான் விடுகிறோம்.
– புளியரை வாசகர்

பதில்: எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் நுழைவுப் பக்கத்தை அடைத்துவிட்டன. சமையலறைக் குழாயை இன்றே பிரித்து, எண்ணெய்ப் பொறி (எண்ணெயைத் தனியே பிரிக்கும் தொட்டி) வைத்து, தோட்டத்து வாழைக்குத் திருப்புங்கள். நுழைவில் முதல் ஒன்றரை அடி லெக்காவை அள்ளிக் கழுவிப் போடுங்கள். அந்த இடத்துக்குப் பெரிய உருண்டைகளே நல்லது; முடி, நூல் வராமலிருக்கக் குழாய் வாயில் நைலான் வலைப்பை கட்டுங்கள்.

நாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழே டிரம்மில் ஒரு நாளுக்கு மேல் கிடந்த சோப்புத் தண்ணீர் அழுகிய பிறகே மேலே ஏறுகிறது. டைமர் வைத்து, ஒரு நாள் தண்ணீரை நான்கு தடவையாகப் பிரித்து மோட்டாரில் ஏற்றுங்கள்.

கேள்வி: ஆடிச் சாரல் காற்றுக்கு எந்தச் செடி நிற்கும்? எங்களுடையது ஓட்டு வீடு.
– ஆரியங்காவு வாசகர்

பதில்: ஓட்டுக் கூரையில் வேண்டாம், முற்றத்தில் தரையோடு கட்டுங்கள். அங்கே எடைக் கவலை இல்லை, ஜல்லியே போதும். கல்வாழை தண்ணீரை நன்றாகத் தெளிய வைக்கும், ஆனால் உங்கள் ஊர்க் கணவாய்க் காற்றில் இலை கிழியும். சுவர் மறைவில் நடுங்கள். திறந்த பக்கத்துக்கு வெட்டிவேரும் வசம்பும். நாணல் வேண்டாம், அதன் கிழங்கு விரிப்பைக் குத்திக் கிழிக்கும். தெளிந்த நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் விடலாம். பச்சையாகத் தின்னும் கீரைக்கு விடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கலந்து கழுவிய தண்ணீரைப் பாத்திக்கு அனுப்பினால், அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.