"நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்காதீர்கள்

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்து என் கணவருக்குத் தலையில் அடி. மூன்று வாரம் கழித்து இப்போது வார்டில் இருக்கிறார். பேசுகிறார், ஆனால் என்னைத் தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சாயங்காலமானால் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார், மூக்குக் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். இப்படியே இருந்துவிடுவாரா?

பதில்: நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிதான் கோபத்தையும் நாக்கையும் அடக்கி வைக்கிறது. அங்கே அடிபட்டால் கடிவாளம் போய்விடும். மயக்கம் தெளிந்து வருகிற பலர் இந்தக் குழப்பத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். எவ்வளவு தேறுவார் என்று மூன்று வாரத்தில் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. முன்னேற்றம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தொடரும்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கட்டிலருகே குனிந்து, "நான் யாருன்னு தெரியுதா?" என்று பரீட்சை வைப்பார்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் பதில் வராத ஒவ்வொரு முறையும் அவர் இன்னும் மிரண்டுபோவார். வருகிறவர் தானே பெயரைச் சொல்லட்டும். ஒரு நேரத்தில் ஒருவர், பத்து நிமிடம், போதும். உங்களை அக்கா என்றால் "நான் உங்க மனைவி" என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். வாதாட வேண்டாம். களைப்பு ஏற ஏறக் குழப்பமும் கூடும். அதனால் சாயங்காலம் டிவி, போன், கூட்டம் எதுவும் வேண்டாம்.

வார்டு நர்ஸ்களிடம் தயங்காமல் பேசுங்கள். வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள், கண்ணாடி போடுவாரா, எத்தனை மணிக்குத் தூங்குவார் என்று சொன்னால் அவரை அமைதிப்படுத்த அவர்களுக்கு அது பெரிய உதவி. குழாயில் உணவு கொடுப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, மாத்திரை நேரம், இதையெல்லாம் பார்த்துக் கற்றால் போதாது. டிஸ்சார்ஜுக்கு முன் நர்ஸ் பக்கத்தில் நிற்க, உங்கள் கையாலேயே சில தடவை செய்துவிடுங்கள். உணவு கொடுக்கும்போதும் அதன் பிறகு அரை மணி நேரத்துக்காவது தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். வீட்டில் குழாய் வெளியே வந்துவிட்டால் நீங்களாகத் திரும்பச் செருகாதீர்கள். நர்ஸ்தான் போட வேண்டும்.

வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, இதில் எது வந்தாலும் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காமல் 108ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் இருந்தால், வீட்டுக்கே வரும் பிசியோதெரபிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள்.

அப்புறம், நீங்கள் ஒழுங்காகத் தூங்கி எத்தனை நாளாயிற்று? நாத்தனாரை ஒருநாள்விட்டு ஒருநாள் ராத்திரி தங்கச் சொல்லுங்கள். உங்கள் கணவர் வாயில் வருவது நாத்தனாரின் பெயர்தானே, அவரே வந்து உட்காரட்டும். நீங்கள் வீட்டுக்குப் போய்ப் படுங்கள்.